மலைக்கு டூர் போறீங்களா? முதல்ல இறங்குற வழியைப் பாருங்க

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

கார்த்திகை முடிஞ்சு மார்கழி வந்தாலே என் இன்பாக்ஸில் மலை டூர் கேள்விகள் ஆரம்பிச்சிடும். தேனி மாவட்டத்தில் அரசு மருத்துவராக இருப்பதால் வரும் கூடுதல் பொறுப்பு இது. "டாக்டர், கொழுக்குமலை சன்ரைஸ் பாக்கப் போறோம், அம்மாவுக்கு சுகர் இருக்கு, கூட்டிட்டுப் போகலாமா?" என்பது எல்லா வருஷமும் வருவது.

இந்த சீசனில் புதுசா ஒண்ணு வந்தது. ஐடியில் இருக்கும் பள்ளி நண்பன் ஒருவன், மனைவி, ஏழாவது படிக்கும் மகனோடு இத்தாலிக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போகிறான். ஊர் பெயர் கோர்ட்டினா தம்பெட்ஸோ. வெனிஸில் இறங்கி பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகணும். 1956இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். 70 வருஷம் கழித்து 2026 பிப்ரவரியில் மிலானோடு சேர்ந்து மறுபடியும் நடத்தின ஊர். பணக்காரர்கள் ஃபர் கோட்டு போட்டுக்கொண்டு கடைவீதியில் நடப்பதற்கே போகிற இடம் என்று பெயர்.

அவன் கேட்ட கேள்விகளைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். ஹோட்டல், சாப்பாடு பற்றி ஒண்ணுமே இல்லை. இன்ஷூரன்ஸ் எந்த பாலிசி, ஹெல்மெட் வாடகைக்கு எடுப்பதா வாங்குவதா, முட்டிக்கு எக்ஸர்சைஸ் என்ன, உயரத்தில் மூச்சு வாங்குமா, கீழே விழுந்தால் எந்த ஊர் ஆஸ்பத்திரி. அத்தனையும் விழுந்தால் என்ன ஆகும் என்கிற கேள்விகள்.

அதே வாரம் கொழுக்குமலை, குரங்கணி பற்றி வந்த மெசேஜ்கள்: சன்ரைஸ் எத்தனை மணிக்கு? ஜீப் எவ்வளவு? டென்ட் கிடைக்குமா? விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

என் நண்பன் ரொம்பப் பொறுப்பானவன், மற்றவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல வரலை. காலேஜில் ஹெல்மெட் இல்லாமல் மூணு பேரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினவன்தான் அவன். இப்போது அவன் இந்தக் கேள்வியெல்லாம் கேட்கக் காரணம், அங்கே அவனைக் கேட்க வைக்கிறார்கள்.

எப்படி என்று சொல்றேன்.

முதலில் விசா. ஷெங்கன் விசா வேணும்னா குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கும், ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் காப்பீடு எடுத்திருக்கணும். இல்லைன்னா விண்ணப்பமே நிற்காது. (இதில் ஒரு பொடி எழுத்து இருக்கு. சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்கு விபத்துக்குப் பணம் கிடையாது. குளிர்கால விளையாட்டு என்று தனியாகச் சேர்க்கணும். நண்பனின் பாலிசியில் அது இல்லை. படிச்சுப் பார்த்துச் சேர்த்துக்கச் சொன்னேன்.)

அடுத்து சறுக்குமேடு. 2022 ஜனவரியில் இருந்து இத்தாலியில் பனிச்சறுக்கு போகிற ஒவ்வொருவரும், தன்னால் அடுத்தவருக்கு அடிபட்டால் ஈடு கொடுக்கும் காப்பீடு வைத்திருக்கணும். நம்ம ஊர் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி எடுக்கிற மாதிரி, மனுஷனுக்கே. குடிச்சிட்டு சறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கு. ஹெல்மெட் முன்னாடி 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பரில் இருந்து எல்லா வயசுக்கும் கட்டாயம். போடலைன்னா அபராதம், லிஃப்ட் பாஸையும் பிடுங்கிடுவாங்க.

அப்புறம் பனிச்சரிவு எச்சரிக்கை. ஐரோப்பிய மலைகள் முழுக்க 1 முதல் 5 வரை ஒரே அளவுகோல். இன்னைக்கு இந்தச் சரிவில் ஆபத்து 2, அந்தச் சரிவில் 4 என்று அறிக்கை வரும். போட்ட பாதையை விட்டு விலகிப் பனிச்சரிவு ஆபத்துள்ள இடத்துக்குப் போகிறவர்கள் சிக்னல் அனுப்பும் கருவி, மண்வெட்டி, குத்திப் பார்க்கும் கம்பி மூணும் வச்சிருக்கணும். ஏன்னா பனியில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைச்சுக்குவார். அரை மணி தாண்டினால் மூணில் ஒருத்தர்தான். ஹெலிகாப்டர் வரும் வரைக்கும் காத்திருக்க நேரம் கிடையாது, பக்கத்தில் நிற்பவன்தான் தோண்டணும்.

இவ்வளவுக்கும் கோர்ட்டினா ஊர் இருக்கும் உயரம் 1,224 மீட்டர்தான். கொழுக்குமலை 2,000 மீட்டருக்கு மேலே. நம்ம மலை அந்த ஊரைவிட உசரம் மக்களே! (அவங்க ஊரைச் சுத்தி நிற்கும் சிகரங்கள் 3,200 மீட்டரைத் தாண்டும், அது வேற கணக்கு.)

ரயிலில்கூட நாம் இப்போது முன்னால் நிற்கிறோம். கோர்ட்டினாவுக்கு ரயில் இருந்தது, 1964இல் நிறுத்திட்டாங்க, இப்போது பஸ்தான். நம்ம போடி ரயில் அகலப் பாதைப் பணிக்காக 2010 முடியும்போது நின்றது. 2023 ஜூனில் சென்னை சென்ட்ரலில் இருந்து நேராகப் போடிக்கே வர ஆரம்பிச்சது. சென்னையில் ஏறிப் படுத்தால் காலையில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. ஸ்கீ ஊர் என்றாலே கம்பியில் தொங்கிப் போகும் லிஃப்ட்தான் அடையாளம். குரங்கணி மலையில் அப்படி ஒரு கம்பிப்பாதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஓடியது. மூணாறு தேயிலையைச் சின்ன ரயிலில் குண்டளை வழியாக மலை உச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பியில் கீழே இறக்கி, போடிக்கு வண்டியில் அனுப்பினார்கள். டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பஸ் ஸ்டாண்டு மாதிரி பெயர் வைத்த ஊர்கள் அந்த மலையில் ஏன் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? இதுதான் காரணம். 1924 பெருவெள்ளத்தில் ரயில் போனது. பெயர்கள் மட்டும் நிற்குது. இன்றைக்கு சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு கர்ப்பிணிக்கு ராத்திரி வலி எடுத்தால், கம்பிப்பாதையும் இல்லை, தார்ச்சாலையும் இல்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையில் இருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் நம்ம வயசு ஆட்கள், பெண்கள் நிறைய. குரங்கணியில் இருந்து கொழுக்குமலை ஏறினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்தது. அன்றைக்கும் அடுத்தடுத்த வாரங்களில் மருத்துவமனைகளிலும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள்.

அந்தப் பாதையில் போக முறையான அனுமதி இல்லை என்று அரசு சொன்னது. வருவாய்த் துறையின் அப்போதைய முதன்மைச் செயலர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன.

இதே சோஷியல் மீடியாவில் அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கு. "பொம்பளைப் புள்ளைகளுக்கு அங்க என்ன வேலை?" "கொழுப்பெடுத்துப் போய் செத்தாங்க." 60 சதவீதம் வெந்த உடம்போடு ஐசியூவில் பிள்ளைகள் படுத்திருக்கும்போது எழுதினார்கள். இன்னைக்கும் குரங்கணி பற்றி எந்தப் பதிவு போட்டாலும் கீழே ஒருத்தர் வந்து இதைச் சொல்லாமல் போவதில்லை.

அவங்களுக்கு என் பதில். சனி ஞாயிறு மலைக்குப் போவது குற்றம் இல்லை. வாரம் ஆறு நாள் ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்து 32 வயசில் பிரஷர் மாத்திரை எழுதிக்கொண்டு போகிறவர்களை ஓபியில் தினம் பார்க்கிறேன். மலை ஏறுங்க என்று நானே சொல்வேன். கோர்ட்டினாவில் சறுக்கி விழுந்து காலை உடைச்சவனை யாரும் "உனக்கு எதுக்கு பனி?" என்று கேட்பதில்லை. தூக்கிக்கொண்டு போய்க் கட்டுப் போடுகிறார்கள். காப்பீடு இல்லைன்னா பில் கொடுக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு.

குரங்கணியில் நடந்ததை மருத்துவராகப் பார்த்தால் எனக்கு உறுத்துவது நேரம்.

பெரிய தீக்காயத்தில் ஆளைக் கொல்வதில் முதல் எதிரி உடம்பில் நீர் வற்றுவது. தோல் போன இடம் வழியாகவும், வீங்கும் சதைக்குள்ளும் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதை ட்ரிப்ஸ் மூலம் ஈடு கட்டணும். இதற்குப் பழைய கணக்கு ஒண்ணு எல்லா எம்பிபிஎஸ் மாணவனுக்கும் மனப்பாடம்: 4 மில்லி, பெருக்கல் உடல் எடை, பெருக்கல் வெந்த சதவீதம். 60 கிலோ ஆள், 50 சதவீதம் வெந்திருந்தால் 12,000 மில்லி. 12 லிட்டர்! அதில் பாதி, அதாவது 6 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள் போகணும். (இப்போது இதைவிடக் குறைவாக ஆரம்பிச்சு, சிறுநீர் போகிற அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறோம். அடிப்படை இதுதான்.)

அந்த 8 மணி நேரம் எப்போது தொடங்குது? ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததில் இருந்து இல்லை. தீப்பட்ட நிமிஷத்தில் இருந்து.

சாயங்காலம் தீ. இருட்டு. செங்குத்துச் சரிவு. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, ஆனால் அவற்றுக்கு முன்னால் மேலே ஏறிப் போனவர்கள் உள்ளூர் மக்கள். போர்வையிலும் துணியிலும் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். அவர்கள் இறக்கினதால்தான் பலர் பிழைத்தார்கள். ஆனால் விடியும்வரை மேலேயே கிடந்தவருக்கு அந்த முதல் 8 மணி நேரம் மலையிலேயே முடிஞ்சு போச்சு. அதற்கப்புறம் போடியில் பார்த்தாலும், தேனியில் பார்த்தாலும், மதுரை ராஜாஜியில் பார்த்தாலும், எங்களைப் போன்றவர்கள் பாதி ஆட்டம் முடிந்த பிறகு இறங்குகிற ஆட்கள்தான்.

அதனால்தான் சொல்றேன், மலை விடுமுறையைக் கீழிருந்து மேலே போடக் கூடாது. மேலிருந்து கீழே போடணும். அடிபட்ட ஒருத்தரை அந்த இடத்தில் இருந்து ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர எத்தனை மணி நேரம்? இதற்குப் பதில் தெரிந்த பிறகு ரூம் புக் பண்ணுங்க.

கொழுக்குமலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. இடம் தமிழ்நாடு, தேனி மாவட்டம். ஜீப் பாதை கேரளா, சூரியநெல்லி வழியாக. பாதை என்று மரியாதைக்குச் சொல்றேன், பாறை மேல் குலுங்கிக் குலுங்கி வருவது. கழுத்தில் அடிபட்டவரை அதில் வைத்து இறக்குவதை யோசிச்சுப் பாருங்க. அங்கிருந்து மூணாறு பக்கம் போகணும், இல்லைன்னா போடிமெட்டு வந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போடிக்கு வரணும். மாநில எல்லை என்பதால் செல்போன் எந்த டவரைப் பிடிக்குதுன்னு சொல்ல முடியாது. 108 அடித்தால் கேரளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வாய்ப்பு இருக்கு. அதனால் பேச ஆரம்பிக்கும்போதே எந்த மாநிலம், எந்த ஊர் பக்கம் என்று சொல்லிடுங்க. "ஹலோ சார் சீக்கிரம் வாங்க சார்" எல்லாம் அப்புறம்.

"சரி டாக்டர், குரங்கணிக்கு அப்புறம் அரசு சும்மாவா இருந்தது?" என்று கேட்பீங்க. இல்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறையாகத் திறந்தது. ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. அந்த வழிகாட்டிகளில் பலர் மலைக்கிராமத்துப் பிள்ளைகள். குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் ஒண்ணு. தீக்காலத்தில் மூடிடறாங்க. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். நல்ல திட்டம், மனசாரப் பாராட்டுறேன். அனுமதி இல்லாமல் உள்ளே கூட்டிட்டுப் போகும் இன்ஸ்டா குரூப்புகளுக்கு நூறு மடங்கு மேல்.

ஆனால் எனக்கு இரண்டு குறை உண்டு.

ஒண்ணு, தேதி வைத்து மூடுவது. தீக்குத் தேதி தெரியாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷத்தில் ஜனவரி கடைசியிலேயே புல் காய்ஞ்சு சருகாகிடும். தைலப்புல் பார்த்திருப்பீங்க, ஆள் உசரத்துக்கு நிற்கும். காய்ஞ்சால் எண்ணெய் ஊற்றி வச்ச திரி மாதிரி. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ படித்தவர்களின் கணக்கு. 30 டிகிரி சரிவில் சமதளத்தைவிட எட்டு மடங்கு. மேல்நோக்கி ஓடும் எந்த மனுஷனாலும் அதை ஜெயிக்க முடியாது.

இதற்குத்தான் பனிச்சரிவு மாதிரி 1 முதல் 5 வரை ஒரு பலகை வேணும் என்கிறேன். குரங்கணி சோதனைச் சாவடியில் பெரிய எழுத்தில், "இன்று காட்டுத்தீ ஆபத்து: 3" என்று. தகவல் இல்லாமல் இல்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு பண்ணி எஸ்எம்எஸ் வாங்கலாம். சாவடி வரைக்கும் வந்து ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதப்படுவதுதான் பாக்கி. சாக்பீஸுக்குப் பட்ஜெட் ஒதுக்க முடியாதா?

இரண்டாவது குறை, எனக்கு முக்கியமானது. திட்டம் ஏறுவதற்குத்தான் இருக்கு, இறக்குவதற்கு இல்லை.

குரங்கணியில் ஒரு மீட்பு மையம் வேணும். பெரிய கட்டடம் கேட்கலை. மலையில் தூக்கக்கூடிய மடக்கு ஸ்ட்ரெச்சர் நாலு. ஆக்ஸிஜன். ட்ரிப்ஸ் பாட்டில், ஊசி, அதைப் போடத் தெரிந்த ஒரு செவிலியர் அல்லது 108 டெக்னீஷியன். டவர் இல்லாத இடத்திலும் பேசும் வாக்கிடாக்கி. பயிற்சி பெற்ற பத்து உள்ளூர் ஆட்கள், அவங்களுக்கு மாசச் சம்பளம். 2018இல் சம்பளம் இல்லாமல், டார்ச் இல்லாமல் அந்த வேலையைச் செய்தவர்களும் இந்த மக்கள்தானே.

"வருஷத்துக்கு நாலு டூரிஸ்ட் அடிபடுவதற்கு இவ்வளவு செலவா?" என்று ஒருத்தர் கேட்டார். டூரிஸ்ட்டுக்காக மட்டும் நான் கேட்கலை.

விடிகாலை போடியில் நின்று பாருங்க. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறும். போடி, தேவாரம், கம்பம் என்று எல்லாப் பக்கமும் இதே கதை. ஒரே ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணினால் உங்களுக்குத் தலை சுத்தும். சாயங்காலம் அதே வளைவுகளில் மூடுபனியில் இறங்கும். நீங்க ரெசார்ட் பால்கனியில் இருந்து ரீல்ஸ் எடுக்கும் அதே மூடுபனிதான். அவங்களுக்கு அது விடுமுறை இல்லை, வாரம் ஆறு நாள். ஸ்கீ ஊரில் விடுமுறைக்கு வர்றவங்ககிட்டக்கூட ஹெல்மெட் இருக்கான்னு கேட்கிறாங்க. இங்கே பிழைப்புக்குப் போறவங்களுக்கு உட்கார இடம் இருக்கான்னு கேட்க ஆள் இல்லை.

மலைமேல் இருக்கிற ஊர்களைச் சொல்லவே வேணாம். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரம் குதிரை முதுகில் போகும் ஊர்கள் போடி மலையில் இருக்கு. ஓட்டு எந்திரம் மேலே ஏற வழி கண்டுபிடிச்சுட்டோம். பாம்பு கடிச்சவர் கீழே இறங்க இன்னும் டோலிதான். மூங்கிலில் போர்வையைக் கட்டி நாலு பேர் மாத்தி மாத்தித் தூக்கி வருவார்கள். நஞ்சுமுறிவு மருந்து எங்ககிட்ட இலவசமா இருக்கு, ஆள் வந்து சேர்றதுதான் கஷ்டம்.

ட்ரெக் கட்டணத்தில் ஒரு பங்கை இதுக்கு ஒதுக்கணும் என்பது என் கருத்து. சுற்றுலாப் பயணிக்காக வைக்கும் ஸ்ட்ரெச்சரில் முதலில் இறங்கப் போவது சென்ட்ரல் ஸ்டேஷன் கர்ப்பிணியாகத்தான் இருப்பார்.

மலை ஊர்களைத் திறந்தால் குப்பை வரும், குடி வரும், காடு கெடும் என்று சொல்லும் நண்பர்களும் இருக்காங்க. அந்தக் கவலை நியாயம்தான், வட்டக்கானலையும் ஊட்டியையும் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் மூடி வச்ச மலைக்கும் ஆட்கள் போய்க்கிட்டுத்தான் இருக்காங்க, சொல்லாமல் போறாங்க. சொல்லாமல் போனவரைத் தேடுவதுதான் எங்க எல்லாருக்கும் பெரிய கஷ்டம்.

இனி கேட்டவர்களுக்குப் பதில்.

கோர்ட்டினா நண்பனுக்கு. முட்டிக்கு இப்போதிருந்தே ஆறு வாரம் தொடைப் பயிற்சி பண்ணு. பனிச்சறுக்கில் அதிகம் போவது முட்டி ஜவ்வுதான், குச்சியைப் பிடிச்சபடி விழுந்தால் கட்டைவிரல் ஜவ்வும் போகும். முதல் மூணு நாள் சறுக்குப் பள்ளியில் சேர், யூடியூப் பார்த்து இறங்காதே. ரோப்காரில் 2,500 மீட்டருக்கு மேலே போய்த் தலைவலி, வாந்தி வந்தால் கீழே இறங்கிடு, மாத்திரை போட்டுக்கிட்டு மேலேயே உட்காராதே. புதுப்பனி சூரிய ஒளியில் 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும், பையனுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் விட்டால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி அழுவான். நம்ம கலர் தோலுக்கு சன்ஸ்க்ரீன் வேணாம் என்று உங்க அம்மா சொல்வதைக் கேட்காதே.

கொழுக்குமலை போகும் சுகர் அம்மாவுக்கு. போகலாம். ஆனால் சன்ரைஸுக்கு நாலு மணிக்கே கிளம்புவதால் சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கிட்டு ஜீப்பில் ஏறக் கூடாது. காலை டோஸை எப்படி மாத்தணும்னு அவங்க டாக்டர்கிட்ட முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க. கைப்பையில் பிஸ்கட்டும் சர்க்கரையும் இருக்கட்டும். செருப்பு வேணாம், ஷூ. பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சவங்களுக்குப் பாறையில் கிழிஞ்சது ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும். முதுகுவலி, மூட்டுத்தேய்மானம் இருந்தால் அந்த ஜீப் வேண்டவே வேண்டாம். போடிமெட்டில் நின்று பாருங்க, அங்கேயும் சூரியன் உதிக்கும்.

குரங்கணி - சாம்பலாறு போகலாமா என்று கேட்ட மூணு பெண்களுக்கு. தாராளமாப் போங்க. ஜனவரி நல்ல மாசம், புல்லில் ஈரம் இருக்கும். வனத்துறைத் தளத்தில் பதிவு பண்ணி, வழிகாட்டியோடு மட்டும் போங்க. பளபளன்னு இருக்கும் பாலியஸ்டர் ட்ராக் வேணாம், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கும், முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்க. புகை வாசம் வந்தால் மேலே ஓடாதீங்க, புல்லுக்குள்ளும் ஒளியாதீங்க. பாறை, ஓடை, ஏற்கெனவே எரிஞ்ச கருப்பு நிலம், இதில் எது பக்கமோ அங்கே. யாருக்காவது சுட்டுட்டால் ஓடுற தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்க, மூணு மணி நேரம் கழிச்சுக்கூடப் பலன் இருக்கு. மோதிரம், வளையல் உடனே கழட்டுங்க, வீங்கின பிறகு கழட்ட வராது. பேஸ்ட், மை, மஞ்சள், முட்டை எதுவும் பூசாதீங்க, அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு அரை மணி ஆகும். கிளம்புற அன்னைக்கு எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று வீட்டில் ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. அந்த மணி தாண்டி ஒரு மணி நேரம் ஆனால் 112க்கு அடிக்கச் சொல்லுங்க. இறங்கினதும் முதல் வேலையா அவங்களுக்குப் போன் பண்ணிடுங்க, இல்லைன்னா பாவம் அந்த வனக்காவலர் மறுபடியும் மலை ஏறுவார்.